போகவும் உரிமை, திரும்பவும் உரிமை!

கொக்கிளாய் முகத்துவாரத்தில் நிற்பவருக்குப் புல்மோட்டை கண்ணுக்கெட்டிய தூரம். ஆயினும் தோணியை நம்பியோ, நெடுந்தூரம் சுற்றியோதான் பல தலைமுறைகள் அக்கரை கண்டன. பாலம் கேட்டு இம்மக்கள் எழுப்பிய குரல் கொஞ்சநஞ்சமன்று. இன்று அவ்வூர்ப் பிள்ளை கல்விக்காகக் கடல் கடக்க நினைக்கும்போதும் அதே கதைதான். கரை தெரிகிறது, பாலம் இல்லை!

கடற்றொழிலாளி ஒருவரின் மகன் அண்மையில் எம்மிடம் வந்தான். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருட மாணவன். எவருடைய சிபாரிசுமின்றித் தானே கடிதம் எழுதி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓர் அரையாண்டு பயில இடம் பெற்றிருந்தான். பாராட்டு மாலை சூட்ட வேண்டிய செயல். அவனுக்குக் கிடைத்ததோ வாய்மொழி விடை ஒன்று: “போய் வரலாம்; அங்கே எழுதும் பரீட்சை இங்கே கணக்கில் வராது.” அதையாவது எழுத்தில் தாருங்கள் என்றான். எழுத்தில் தர எவரும் முன்வரவில்லை.

கணக்கில் வராது என்பதற்கு நியாயம் என்ன? 2012இல் வகுக்கப்பட்ட இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, ‘கிரெடிட்’ என்னும் பாட அலகு ஒன்றுக்கு 50 மணி நேரக் கற்றல். ஆண்டுக்கு 30 அலகுகள். ஐரோப்பிய முறையில் அலகு ஒன்றுக்கு 25 முதல் 30 மணி நேரம். ஆண்டுக்கு 60 அலகுகள். அங்கே இரண்டு, இங்கே ஏறத்தாழ ஒன்று. சந்தையில் நெல் அளப்பவர் ஒரு கணத்தில் போடும் கணக்கு இது! கல்விமான்கள் கூடிய சபைகளுக்கு இது விளங்காதா?

1987இல் ஐரோப்பா தொடங்கிய ‘எராஸ்மஸ்’ திட்டத்தில் மாணவன் புறப்படுமுன்னரே அவனும், அனுப்பும் பல்கலைக்கழகமும், ஏற்கும் பல்கலைக்கழகமும் ஓர் உடன்பாட்டில் ஒப்பமிடுகின்றன. எந்தப் பாடம், எத்தனை அலகு, திரும்பியதும் எதற்கு ஈடு என்பன அதில் எழுதப்படும். அந்த ஒற்றைத் தாள்தான் பாலம். பல்கலைக்கழகங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்து அனுப்பும் மாணவனுக்கு அது உண்டு. தன் முயற்சியால் இடம் தேடியவனுக்கு அதை மறுப்பது, உழைத்தவனைத் தண்டிப்பதாகும்.

“இது செல்வர் வீட்டு ஆசை” என்பார் உளர். செலவு பெரிதென்பது மெய்யே. விசாவுக்காக வங்கியில் முன்கூட்டி இடவேண்டுமென ஜெர்மனி 2024இல் நிர்ணயித்த தொகை மாதத்துக்கு 992 யூரோ. ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. முன்னர் கட்டணமின்றிக் கற்பித்த நோர்வேயும் 2023 முதல் ஐரோப்பியரல்லாத மாணவரிடம் கட்டணம் அறவிடத் தொடங்கிற்று. ஆனால், செல்வர் வீட்டுப் பிள்ளை ஓர் ஆண்டை இழந்தாலும் தாங்குவான். மகாபொல உதவிப்பணத்தில் படிப்பவன் தாங்குவானா? எழுத்தில் விதியில்லாமை ஏழையையே முதலில் வீழ்த்துகிறது.

“போனவன் திரும்பமாட்டான்” என்பது மற்றொரு வாதம். கொக்கிளாய் மக்களிடமா இதைச் சொல்வது? 1984 டிசம்பரில் ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்கள், 2009இல் போர் முடிந்த பின்னர், காடு மண்டிய வளவுகளுக்கே திரும்பிவந்தார்கள். முன்னாளில் சென்னையிலும் அண்ணாமலையிலும் பட்டம் பெற்றுத் திரும்பியவர்கள் நமது பாடசாலைகளில் ஆசிரியர்களாய் நின்றார்கள். நிரந்தரமாகப் போவதற்கு இன்று முகவர்கள் மூலைக்கு மூலை கடை விரித்திருக்கிறார்கள். போய்த் திரும்புவதற்குத்தான் வாசல் இல்லை. திரும்பும் வழியை அடைத்துவிட்டுத் திரும்பவில்லையே என்று புலம்புவது என்ன நீதி?

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, இலங்கைக்குத் திரும்பி வரும் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் அளிக்கிறது. அவ்வுறுப்புரை பாட அலகுகளைப் பற்றிப் பேசவில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும், தான் கற்ற கல்வியை வாசலிலே போட்டுவிட்டு வா என்று பிள்ளைக்குச் சொல்வது அச்சுதந்திரத்தின் உயிரைப் பறிப்பதன்றோ?

எனவே நாம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். முதலாவது, வவுனியாப் பல்கலைக்கழகமாயினும், கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய, பொறியியற் பீடங்களை நடத்தும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாயினும், எந்தப் பீடத்தில் இதற்குத் தெளிவான விதி இல்லையோ, அங்கே மூதவை அதனை எழுத்தில் வகுத்து மும்மொழியிலும் வெளியிட வேண்டும். இரண்டாவது, மாணவனின் விண்ணப்பத்துக்குக் குறித்த தவணைக்குள் காரணத்துடன் விடையளிக்க வேண்டும். மூன்றாவது, அந்த அரையாண்டில் அவனது பதிவும் உதவிப்பணமும் விடுதி இடமும் பறிபோகலாகாது.

மாணவர்களுக்கும் ஒரு சொல்: பாடத்திட்டத்தைப் பீடத்துக்குக் காட்டி, ஒப்பம் பெற்ற தாள் கைக்கு வருமுன் விமானச்சீட்டு வாங்காதீர். பெற்றோரே, வயலை ஈடுவைத்து முகவரிடம் கொடாதீர். கடல்கடந்து வாழும் உறவுகளே, வங்கியில் இடும் அப்பணம் மாணவன் மாதந்தோறும் உண்டு உறைவதற்கே செலவாவது. ஊர்ச் சங்கங்கள் வழியாகக் கடனாகவேனும் அதனைத் தந்து உதவுங்கள்.

உவர் ஏறிய வயலை மீட்கவும், களப்பின் மீன்வளத்தைக் காக்கவும் உலகில் எங்கே அறிவு உண்டோ, அங்கே நமது பிள்ளை செல்லட்டும். சென்று, கற்று, கற்றதோடு திரும்பட்டும். நாம் கேட்பது சலுகையன்று. ஒரு தாளும், அதில் ஓர் ஒப்பமும்!