சர்ச்சில் அன்றைக்கு ஆடினாரா?

சர்ச்சில் என்றதும் சுருட்டும் தொப்பியும் ஞாபகத்துக்கு வந்தால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள். நான் சொல்ல வந்தது கிளைவ் சர்ச்சில். சிட்னியில் சவுத் சிட்னி என்ற ரக்பி லீக் கிளப்புக்கு ஆடியவர். அந்த ஊர்க்காரர்கள் அவரை 'லிட்டில் மாஸ்டர்' என்றார்கள். நம்மூரில் கவாஸ்கருக்குக் கொடுத்த பட்டம்தான்.

மகள் வீட்டில் நான்கு மாதம் இருந்துவிட்டு வந்தேன். சிட்னியில் ரெட்ஃபெர்ன் பக்கம் வீடு. காலையில் அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேரன் பள்ளிக்கூடம். நம் பீச் ரோடு மாதிரி நடக்க இடம் தேடியதில் ரெட்ஃபெர்ன் பார்க் அகப்பட்டது. அங்கே ஒரு பெஞ்சில் தினமும் மூன்று நான்கு பெரியவர்கள். எல்லார் தலையிலும் சிவப்பும் பச்சையுமாகத் தொப்பி, அதில் ஒரு முயல். கிளப்பின் சின்னமே முயல்தான். நம் காந்தி சிலை பக்கத்து ஜமா போலத்தான், சுண்டல் மட்டும் இல்லை.

அவர்கள் பேச்சு முழுக்க ஒரே விஷயம்: சவுத் சிட்னியின் மிகச் சிறந்த ஃபுல்பேக் யார்?

பக்கத்துக்குப் பதின்மூன்று பேர் ஆடுகிற ஆட்டம் இது. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும், எதிராளி கட்டிப்பிடித்துத் தள்ளுவான். கபடி பார்த்தவர்களுக்குப் பாதி புரிந்துவிடும். எல்லாருக்கும் பின்னால் தனியாக நிற்பவர்தான் ஃபுல்பேக். உயரே உதைத்த பந்து அவர் கைக்கு வரும். பன்னிரண்டு பேரையும் தாண்டி வருகிறவனைத் தடுக்க அவர் ஒருவர்தான் மிச்சம். ஆபீஸில் கோப்பு செக்ரெட்டரி மேஜைக்குப் போகுமுன் கடைசியாகப் பார்க்கிற சூப்பரிண்டெண்ட் மாதிரி. கீழே யார் தப்பு விட்டாலும் திட்டு அவருக்குத்தான்.

எனக்கு இந்த ஆட்டம் முற்றிலும் புதிதல்ல. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். தென் பிரான்ஸிலிருந்து வந்திருந்த ஒரு வாத்தியார், பாடம் அலுத்துப்போனால் புய்க்-ஓபேர் கதையை எடுத்துவிடுவார். கார்க்காசோன் கிளப்பின் ஃபுல்பேக். ஆள் குட்டை, கொஞ்சம் தொந்தி, ஓயாமல் சிகரெட். அதனாலேயே 'பிப்பெத்' என்று பட்டப்பெயர். 1951-இல் பிரான்ஸ் அணி ஆஸ்திரேலியாவுக்குப் போய் மூன்று டெஸ்டில் இரண்டை ஜெயித்தது. அந்த மூன்று டெஸ்டிலும் பிப்பெத் கோலுக்கு உதைத்தது பதினெட்டு, பதினெட்டும் கோல். போர்க்காலத்தில் 1941-இல் விஷி அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டு இந்த ஆட்டத்தையே தடை செய்து சங்கத்தின் சொத்தையும் பிடுங்கிக்கொண்டது. போர் முடிந்த பிறகும் ரக்பி என்ற பெயரைத் திருப்பித் தரவில்லை. வெகுகாலம் 'பதின்மூன்று பேர் ஆட்டம்' என்றுதான் பலகையில் எழுத வேண்டியிருந்தது. அரசாங்க உத்தரவுகள் எப்படியெல்லாம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒருநாள் பெஞ்சில் தயங்கித் தயங்கி "புய்க்-ஓபேர்" என்றேன். எண்பது வயதிருக்கும் பெரியவர் ஒருவர் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தக் குண்டு பிரெஞ்சுக்காரனா? என்னை அப்பா கூட்டிக்கொண்டு போனார்!" அன்று முதல் எனக்கும் அந்த பெஞ்சில் ஓர் இடம்.

பெரியவரின் ஓட்டு சர்ச்சிலுக்கு. இன்னொருவர் எரிக் சிம்ஸ் கட்சி. ஓடுகிற ஓட்டத்திலேயே பந்தைத் தரையில் விட்டுத் துள்ளும்போது உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்புவதில் சிம்ஸ் மன்னன். 1970 இறுதிப் போட்டியில் மட்டும் அப்படி நான்கு. "ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட்" என்றார் அவர். மற்றொருவர் குறுக்கிட்டு, "இல்லை, அப்போது இரண்டு பாயிண்ட். உன் ஆள் அடித்த அடியில்தான் 1971-இல் ஒன்றாகக் குறைத்தார்கள்" என்றார். அவ்வளவுதான், பேச்சு ஒரு மணி நேரம் நீண்டது. ஒரு மனிதனுக்காகச் சட்டத்தையே மாற்றினார்கள் என்றால் அதைவிடப் பெரிய பாராட்டு என்ன?

கூட்டத்தில் சின்னவர், அறுபது வயதுக்காரர், கிரெக் இங்க்லிஸ் என்றார். 2014-இல் 43 வருடம் கழித்துக் கோப்பை வந்தபோது, ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஸ்கோர் செய்துவிட்டுத் தரையில் உடும்பு போல ஊர்ந்து காட்டினாராம் இங்க்லிஸ். ஆஸ்திரேலிய ஆதிகுடியைச் சேர்ந்தவர். சிம்ஸும் அப்படித்தான்.

என் ஓட்டு சர்ச்சிலுக்கு, யாரையும் கண்ணால் பார்க்காதவன் ஓட்டு செல்லுமென்றால். ஃபுல்பேக் என்றால் பின்னால் நின்று பந்தைப் பிடித்துத் திருப்பி உதைப்பவர் என்றிருந்ததை மாற்றி, பந்தோடு முன்னேறித் தாக்குகிறவராக ஆக்கியது அவர்தான் என்கிறார்கள். சிம்ஸ் நான்கு கோப்பை ஜெயித்த காலத்தில் கோச்சும் சர்ச்சில்தான். இங்க்லிஸ் ஓடியதும் அவர் போட்ட பாதையில்.

சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான்.

ஒரு சனிக்கிழமை பெரியவரோடு அவர் மகனும் வந்திருந்தார். பெரியவர் 1955 கதையைச் சொன்னார். இனி ஒரு மேட்ச் தோற்றாலும் போச்சு என்ற நிலையில் கிளப். மான்லியோடு ஆட்டம். ஆரம்பத்திலேயே சர்ச்சிலுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. நோட்டுப் புத்தக அட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு கடைசிவரை ஆடி, ஓரக்கோட்டுப் பக்கத்திலிருந்து உதைத்து ஜெயித்துக் கொடுத்தார். "சிட்னி கிரிக்கெட் கிரவுண்டில் பைனல். கையில் கட்டோடு சர்ச்சில் நின்றது இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது" என்றார்.

மகன் போனை எடுத்தார். "அப்பா, அந்த ஆட்டம் நடந்தது இங்கே ரெட்ஃபெர்ன் ஓவலில். பைனல் வேறு நாள், நியூடவுனோடு. 12-க்கு 11. அதில் சர்ச்சில் ஆடவேயில்லை, கை முறிந்திருந்தது."

மகன் சொன்னது அத்தனையும் சரி. பெரியவர் "அப்படியா" என்றார். பிறகு அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. அவருக்குச் சமீபமாக மறதி அதிகம், பேரப்பிள்ளைகள் பெயரே தடுமாறுகிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன், என் மேஜைக்கு எதிரில். பென்ஷன் செக்ஷனில் இருந்தபோது ஒரு முதியவர் வந்து, விடுதலைக்கு முன்பே, 1954-க்கு முந்தியே வேலையில் சேர்ந்ததாகச் சாதித்தார். முதல் நாள் மழை பெய்ததையும் யார் குடை கொடுத்தார்கள் என்பதையும் கூடச் சொன்னார். சர்வீஸ் ரிஜிஸ்டரில் இருந்ததோ வேறு தேதி. பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். "சரிங்க சார்" என்று எழுந்து போய்விட்டார். நான் செய்தது விதிப்படி சரி. இன்றும் அப்படித்தான் செய்வேன், அரசாங்கப் பணம். ஆனால் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: அன்று குடை கொடுத்தவர் அப்புறம் என்ன ஆனார்? அதற்கு எந்த ரிஜிஸ்டரும் தேவையில்லை. நான் கேட்கவில்லை. அடுத்த கோப்பை எடுத்துவிட்டேன்.

பதிவேடு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆயுள் முழுக்க அதைக் கட்டிக் காத்தவன் அப்படிச் சொல்ல முடியுமா? சிம்ஸ் விஷயத்தில் திருத்தியதும் திருத்தம்தான், அதில் கதை வளர்ந்தது. சர்ச்சில் விஷயத்தில் திருத்தியதும் திருத்தம்தான், அதில் மனிதர் அடைந்துபோனார். பெரியவர் மண்டையில் இரண்டு கோப்புகள் ஒரே நாடாவில் கட்டிக்கிடந்தன. மகன் நாடாவை அவிழ்த்துக் காகிதங்களைப் பிரித்து வைத்தார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1999 சீசன் முடிந்ததும் சவுத் சிட்னியை லீகிலிருந்து வெளியேற்றினார்கள். 1908-இல் தொடங்கிய கிளப். 1971-க்குப் பிறகு கோப்பை இல்லை, கணக்குப்படி பார்த்தால் வெளியேற்றியது நியாயம் என்று கூடத் தோன்றும். ஆனால் சிவப்பும் பச்சையும் உடுத்திக்கொண்டு ஆயிரமாயிரம் பேர் சிட்னி தெருவில் ஊர்வலம் போனார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். 2002-இல் கிளப் திரும்ப வந்தது. முப்பது வருடம் கோப்பையே பார்க்காத கிளப்புக்காகத் தெருவுக்கு வந்தவர்கள், புள்ளிப்பட்டியலைப் படித்துவிட்டா வந்திருப்பார்கள்? இப்படி பெஞ்சிலும் அடுப்படியிலும் யாரோ ஒரு தாத்தா தேதியை மாற்றிச் சொன்ன கதைகளைக் கேட்டுத்தான் வந்திருப்பார்கள்.

அதனால் என் கட்சி இது. பென்ஷனுக்கும் பத்திரத்துக்கும் ரிஜிஸ்டரைத் திறங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது போனைப் பையில் வையுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். நாம் சாகடித்த பேச்சுகளும் உண்டு, அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டு வாரம் அந்தப் பெரியவர் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். யாரும் சர்ச்சில் பேச்சை எடுக்கவில்லை. நான்தான் கேட்டேன், "அன்றைக்கு பைனலுக்கு உங்களை யார் கூட்டிக்கொண்டு போனது?"

"அப்பா" என்றார். கொஞ்சம் பொறுத்து, டிராமில் போனதாகச் சொன்னார். உட்கார இடமில்லாமல் படியோரம் நின்றதாக, அப்பா பின்னாலிருந்து சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டதாக, அவர் கையில் புகையிலை வாசனை அடித்ததாக. மகன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எங்கே ஏறினீர்கள் அப்பா?" என்று கேட்டார்.