கால் தப்பில்லை, அச்சுதான் தப்பு

ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷூ கடித்தால் யாரும் காலைக் குறை சொல்ல மாட்டார்கள், 'லாஸ்ட்' சரியில்லை என்பார்கள். லாஸ்ட் என்றால் ஷூவுக்கு உருவம் கொடுக்கும் கால் அச்சு. இந்தியக் கால்களை முறையாக அளந்து நமக்கென்று ஓர் அளவுமுறை உருவாக்கும் வேலையே 2021 டிசம்பரில்தான் தொடங்கியது. சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் கால்களை அளந்தது. நம் கால் அகலமானது என்பது அதில் உறுதியானது. 'பா' என்ற புதிய அளவுமுறை பரிந்துரைக்கப்பட்டது. அதுவரை நாம் வெள்ளைக்காரன் அளவில்தான் நடந்துகொண்டிருந்தோம்.

கணினியின் இயங்குதளத்துக்கும் இப்படி ஓர் அச்சு உண்டு. அந்த அச்சில் இருப்பவர் ஆங்கிலம் தெரிந்தவர். தனி அறை, தனி மேசை, அளவில்லாத இணையம் உள்ளவர். பழைய கணினியைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கக்கூடியவர். பள்ளிகொண்டாவில் அக்கா, தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று மூன்று பேர் ஒரே மடிக்கணினியைப் பகிர்ந்துகொண்டு, செல்போன் டேட்டாவில் இணையம் பார்க்கும் வீடு அந்த அச்சில் இல்லை. ஆனால் கணினி கடிக்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? "எனக்குக் கம்ப்யூட்டர் வராது." தோழர்களே, முதலில் ஒழிக்க வேண்டியது இந்த வாக்கியத்தைத்தான்.

நிரல் எழுதுகிற நம் தோழர்களின் எரிச்சல்களைக் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையை 1999-இல் அறிவித்தது. ஆனால் பல ஆண்டுகளுக்கு விண்டோசில் தமிழ் என்றால் இன்ஸ்கிரிப்ட் மட்டும்தான். விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் எழுத்து உடையாமல் தெரியவே, அமைப்புகளுக்குள் தேடிப்போய் ஒரு பெட்டியை டிக் செய்து, நிறுவல் சிடியையும் போட வேண்டியிருந்தது. அந்தப் பள்ளத்தைத் தன்னார்வத் தமிழர்கள் 'எ-கலப்பை' போன்ற இலவச மென்பொருள்களால் நிரப்பினார்கள். இன்றைக்கும் கட்டளைகளை அடிக்கும் கருப்புத் திரையில் 'கொ' என்ற ஓர் எழுத்து பல இடங்களில் துண்டு துண்டாகத்தான் தெரிகிறது. பயனர் பெயரைத் தமிழில் வைத்தால் சில நிரலாக்கக் கருவிகள் வேலையே செய்வதில்லை.

2015-இல் வந்த விண்டோஸ் 10-இன் ஹோம் பதிப்பில் அப்டேட்டை நேரடியாகத் தள்ளிவைக்க வழியில்லை. 2019-இல்தான் அந்த வசதி கிடைத்தது. அன்றாடக் கணக்கில் டேட்டா வாங்கும் வீட்டில் இது வெறும் எரிச்சலோடு போகாது, மறுநாள் ஆன்லைன் விண்ணப்பத்துக்கு டேட்டா இருக்காது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப் வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட புதிய செயலியும் வேண்டும். நம் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினிகள் ஒரே நாளில் தகுதி இழந்தன. தகுதி இல்லை என்று வெளியே நிறுத்தப்படுவது நமக்குப் புதிதா என்ன?

அப்படியென்றால் லினக்ஸ்தான் விடுதலையா? இங்கே நாம் நேர்மையாகப் பேச வேண்டும். 2006-க்குப் பிறகு எல்காட் நிறுவனத்தின் தலைமையில் இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அங்கே கணினிகளை சூசே லினக்சுக்கு மாற்றினார். அரசு அலுவலகத்தில் இது முடியும் என்று காட்டினார். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் வந்தது. நம் பிள்ளைகள் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுக்கொண்டார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. சொல்லித்தர ஆசிரியர் இல்லை, சிக்கல் வந்தால் கேட்க ஆள் இல்லை, பிழைச் செய்தியோ புரியவில்லை. "மூல நிரல் உங்களுடையது" என்று சொல்லிவிட்டு, நுழையும் கதவை உயரத்தில் வைத்தால் அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கும். அரசியலில் சமத்துவம், சமூக வாழ்வில் சமத்துவமின்மை என்ற முரண்பாட்டை 1949 நவம்பர் 25 அன்று அரசியலமைப்பு அவையில் பாபாசாகேப் எச்சரித்தார். கணினிக்கும் அது பொருந்தும்.

ஆனால் சொல்லித்தர ஆள் இருந்தால் கதை மாறுகிறது. பெங்களூரில் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் 'அம்பேத்கர் சமூகக் கணினி மையம்' உருவானது. கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத் தோழர்கள் வார இறுதிகளில் அங்கே போய்க் குழந்தைகளோடு உட்கார்ந்தார்கள். லினக்ஸ் கணினிகளில் கிம்ப் மென்பொருளை வைத்து அந்தக் குழந்தைகள் படம் வரைந்தார்கள். பக்கத்தில் பொறுமையாக ஓர் ஆள் இருந்ததால்தான் அது நடந்தது.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி என்று தமிழ்நாடு அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. அதை வரவேற்கிறோம். கூடவே கேட்போம்: முதல்முறை திறக்கும்போதே தமிழ்99 தயாராக இருக்கட்டும். விசைகளில் தமிழ் எழுத்து அச்சிட்டிருக்கட்டும். பிழைச் செய்திகள் நாம் பேசும் தமிழில் வரட்டும். கொள்முதலுக்கு முன், குடும்பத்தில் முதல்முறையாகக் கணினி தொடும் மாணவர்களை உட்கார வைத்துப் பார்க்கட்டும். ஐந்து பேர் பயன்படுத்துவதைக் கவனித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-இலேயே எழுதினார். அந்த ஐந்து பேரும் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில்தான் கிடைப்பார்கள் என்றில்லை. பள்ளிகொண்டா காலனியிலும் கிடைப்பார்கள்.

நமக்கும் வேலை இருக்கிறது. அடுத்த முறை கணினி கடித்தால் எங்கே கடித்தது, என்ன செய்தபோது கடித்தது என்று எழுதி வையுங்கள். லினக்ஸ் திட்டங்களில் குறையைப் பதிய யாருடைய சிபாரிசும் தேவையில்லை. தமிழில் பதியுங்கள். ஆங்கிலம் தெரிந்த தோழர் மொழிபெயர்த்து அனுப்பட்டும். நிரல் தெரிந்தவர்கள் ஒரு படி மேலே போய்த் திருத்தத்தையே அனுப்புங்கள். உலகத்துக்கு ஷூ தைத்துக் கொடுக்கும் ஊர்க்காரர்கள் நாம். அச்சை மாற்றச் சொல்லும் உரிமை நமக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

ஜெய் பீம்.