திட்டத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்?

கௌரவமான தொழிலுக்கான தேசிய நிகழ்ச்சித்திட்டத்தை ஆலோசகர் ஒருவரிடமே விட்டுவிடலாம், தொழிற்சங்கங்களைக் கூட்டினால் இழுபறிதான் மிஞ்சும் என்ற வாதம் தவறானது. இத்திட்டத்துக்குத் துணைநிற்கும் சர்வதேச தொழில் தாபனம் 1919இல் தோன்றியது முதலே அரசு, தொழில்தருநர், தொழிலாளர் எனும் முத்தரப்பும் கூடி முடிவெடுக்கும் அமைப்பு. தரவு திரட்டி வரைவு எழுதுவது ஆலோசகரின் வேலை. முன்னுரிமைகளைத் தீர்மானிக்கும் பொறுப்பு முத்தரப்புக்கே உரியது.

எடுத்துக்காட்டாக, கொழும்பில் கொச்சிக்கடையை அடுத்த புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைகளுக்குச் சுமை இறக்கினால்தான் கூலி. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதியச் சட்டப்படி தொழில்தருநர் ஊழியரின் சம்பளத்தில் குறைந்தது 12 வீதம் செலுத்த வேண்டும். ஒரே நாளில் பல கடைகளுக்குச் சுமப்பவருக்கோ தொழில்தருநர் யார் என்பதே தெளிவில்லை. அந்தச் சிக்கலை அனுபவிப்பவர்கள் பேசாமல் எழுதப்படும் திட்டம் அவர்களுக்கு உதவாது. இழுபறி என்று ஒதுக்கப்படும் அந்தப் பேச்சுவார்த்தையே திட்டமிடலின் முதல் வேலை.