சுருங்கியது ஜாக்கெட்டா?



எங்க அம்மா பீடி சுற்றுகிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மாவின் ஜாக்கெட்டில் பக்கத் தையலைப் பிரித்து விடுவது என் வேலை. "ஏட்டி, துவைச்சுத் துவைச்சு துணி சுருங்கிட்டு" என்பார். நானும் துணி மேலதான் குற்றம் என்று நம்பினேன்.

போன மாதம் அம்மாவோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். எடை மெஷினில் ஏறும் முன், "எவ்வளவும்மா இருப்பே?" என்று கேட்டேன். "என்ன, ஒரு 58 இருக்கும்" என்றார். மெஷின் 68 காட்டியது. "மெஷின் சரியில்ல" என்றார். அடுத்து நான் ஏறினேன். 41. பள்ளியில் எடுத்தபோதும் அதே 41தான். மெஷின் சரியாத்தான் இருக்கு!

பிரஷர் கூடுதல் என்று நர்ஸ் சொன்னதுக்கும் அம்மாவிடம் பதில் இருந்தது. "வெயில்ல நடந்து வந்தேன்லா!"

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எடையை உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். அம்மா உயரம் 1.52 மீட்டர். விடை 29.4. 25 வந்தாலே அதிக எடை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மவர்களுக்கு 23லேயே கவனம் வேண்டும் என்கிறார்கள் நம் நாட்டு டாக்டர்கள். காரணம், குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது.

பெரியவங்களுக்கு ஏன் தங்கள் எடை தெரிவதில்லை? நான் யோசித்ததைச் சொல்கிறேன்.

ஒன்று, நாம் பேசும் பேச்சு. பெண்கள் குண்டானால் "பூசினாப்ல இருக்கா" என்கிறோம். மாமாவுக்குத் தொப்பை விழுந்தால் "வசதி வந்துட்டு" என்கிறோம்.

இரண்டு, சுற்றி எல்லாருமே அப்படி இருப்பது. தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16இல் 100க்கு 31 பேர். 2019-21இல் 40 பேர். ஆண்களில் 37 பேர். தெருவே அப்படி இருந்தால் அதுதான் சரியான அளவு என்று கண் நம்பிவிடும்.

மூன்று, கேலி. 'குண்டு' என்பது சினிமாவில் சிரிப்பு, வகுப்பில் பட்டப்பெயர். அந்தப் பெயரை யார் தானாக ஏற்றுக்கொள்வார்கள்? அதனால் மெஷின் மேல பழி, துணி மேல பழி!

அம்மா சோம்பேறி இல்லை. ஆச்சி காலத்தில் நடவு, களையெடுப்பு, தாமிரபரணிக்குக் குளிக்க நடை. அம்மாவோ காலையிலிருந்து இரவு வரை பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் இருக்கிறார். சோறு அதே சோறு. நடைதான் போச்சு. நாம் தட்டில் மிச்சம் வைப்பதையும் "வீணாப் போகுதே" என்று அம்மாதான் சாப்பிடுகிறார். அது நம்ம தப்பு.

எங்க பெரியம்மாவும் "நான் என்ன அவ்வளவு குண்டா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரையால் கால் விரலை எடுத்த பிறகுதான் அந்தக் கேள்வி நின்றது. எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கண்ணை நம்பாதீர்கள், டேப்பை நம்புங்கள். தையல் டேப்பால் இடுப்பை அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் சர்க்கரை, பிரஷர் பார்க்க வேண்டும். அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். ஒரு வேண்டுகோள்: கேலி செய்துகொண்டே அளக்காதீர்கள். டேப்பைச் சுருட்டி எறிந்துவிடுவார்கள்!

அம்மாவிடம் கேட்டுத்தான் இதை எழுதினேன். வாசித்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஜாக்கெட்டு பாவம்ட்டி, எத்தன வருசம் அது மேல பழி போட்டேன்" என்றார். இப்போது சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் ஆற்றங்கரை வரை நடக்கிறோம்.

உடம்பை எடை போடுவோம்! ஆளை எடை போட மாட்டோம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி