பொம்மைக் காரும் பூட்டிய அறையும்

நம் ஊரில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது. மீசை நரைத்த மனிதர் திண்ணையில் உட்கார்ந்து சீட்டாடலாம். பிறர் ஆடும் கிரிக்கெட்டை நாள் முழுவதும் டெலிவிஷனில் பார்த்துவிட்டு, "பயலுக்குப் பந்து போடவே தெரியவில்லை" என்று தீர்ப்புச் சொல்லலாம். ரேக்ளாப் பந்தயத்தில், யாரோ வளர்த்து யாரோ ஓட்டும் காளைகளுக்காகத் தொண்டை கிழியக் கத்தலாம். இவையெல்லாம் கௌரவமான பொழுதுபோக்குகள். ஆனால் அதே மனிதர் ஒரு சின்னஞ்சிறு மோட்டார் காரைத் தம் கையாலேயே மாட்டி முடித்து, தரையில் வைத்து, ரேடியோக் கருவியால் ஓட்டினாரோ, "பாவம், இந்த வயதில் பொம்மை வைத்து விளையாடுகிறார்" என்று ஊர் இரங்க ஆரம்பித்துவிடுகிறது.

அந்த இரக்கத்தை எதிர்த்துச் சண்டை போடத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

என் அக்கா மகன் சென்ற வருஷம் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கிளப் நடத்திய ரிமோட் கார்ப் பந்தயத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். "ஒரு தடவை வந்து பாருங்க மாமா, அப்புறம் பேசுங்க" என்றான். போனேன், பார்த்தேன், இப்போது பேசுகிறேன்.

ஊருக்கு வெளியே வேலி போட்ட ஒரு துண்டு நிலம். அதில் வளைந்து நெளிந்து ஒரு மண் பாதை. ஓரத்தில் உயரமான ஒரு மேடை. ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அந்த மேடையில் வரிசையாக நிற்கிறார்கள். கீழே ஓடுகிற கார், உண்மைக் காரில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் நேரான இடத்தில் மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகம் சர்வசாதாரணம். வேகத்தைவிடப் பெரிய சோதனை ஒன்று உண்டு. கார் நம்மை விட்டு விலகிப் போகும்போது நமக்கு வலது பக்கம் எதுவோ அதுவேதான் காருக்கும் வலது பக்கம். அதே கார் திரும்பி நம்மை நோக்கி வரும்போது, நம் வலது அதற்கு இடதாகிவிடும். கண் ஒன்று சொல்ல, கை வேறொன்று செய்ய வேண்டும். ஒரு சுற்றில் இது பல தடவை மாறும். குழந்தை விளையாட்டு என்று சொல்லுகிறவர்கள் அந்த மேடையில் ஒரே ஒரு நிமிஷம் நின்று பார்க்கட்டும்.

பாதைக்கு அடியில் ஒரு கம்பி வளையத்தைப் புதைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு காருக்குள்ளும் ஒரு சின்னக் கருவி, தன் எண்ணைச் சொல்லிக்கொண்டே அதைக் கடக்கிறது. எத்தனை சுற்று, எத்தனை வினாடி என்பதைக் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்கிறது. ஆகவே, 'நான்தான் முதலில் வந்தேன்' என்று மல்லுக்கட்ட இடமில்லை. ஓட்டம் ஐந்தே நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்துக்கு முன்னும் பின்னும் மணிக்கணக்கில் மேஜை மேல் நடக்கிற காரியந்தான் என்னைக் கவர்ந்தது. மோட்டாரில் மாட்டிய பல்சக்கரத்துக்கு ஒரு பல்லைக் கூட்டினால், நேர்ப்பாதையில் வேகம் கூடும், ஆனால் வளைவிலிருந்து கிளம்பும் இழுப்புக் குறையும், மோட்டாரும் சூடேறும். அதிர்வு தாங்கிக்குள் ஊற்றும் எண்ணெய் கொஞ்சம் கெட்டியானால், குழியில் விழுந்த சக்கரம் வேறுவிதமாக எழும்பும். இதையெல்லாம் அங்கே பதினைந்து வயதுப் பையனும் ஐம்பது வயதுக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, திருப்புளியும் கையுமாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

இன்னும் இரண்டு வழக்கங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று: ஒரு ஓட்டத்தில் ஓட்டியவர்கள், அடுத்த ஓட்டத்தின்போது பாதை ஓரத்தில் இறங்கி நிற்க வேண்டும். எந்தக் கார் குப்புற விழுந்தாலும் ஓடிப் போய் நிமிர்த்திவிட வேண்டும். சற்று முன் ஜெயித்தவர், தம்முடைய போட்டியாளரின் காரை மண்ணிலிருந்து எடுத்து நிறுத்துகிறார். நிற்காமல் நழுவினால் தண்டனை உண்டு. இரண்டு: தோற்றவர்களை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் தனி இறுதி ஓட்டம் வைக்கிறார்கள். கடைசியாக வந்தவனுக்கும் தன்னைப் போன்றவர்களோடு ஒரு கடைசிப் போட்டி இருக்கிறது. நம் பள்ளிக்கூடங்களும் பரீட்சைகளும் இந்த இரண்டு வழக்கங்களில் ஒன்றையாவது கடன் வாங்கியிருந்தால், எத்தனையோ தாய்மார்களுடைய கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

இதை நான் சொன்னபோது, பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர் என்னை மடக்கினார்.

"ஏன் ஸார், அந்தக் கார் என்ன விலை?"

சொன்னேன். நல்ல பந்தயக் கார், ரேடியோ, பாட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்ந்தால் பல ஆயிரம் ரூபாய். ஆசை அளவு மீறினால் ஒரு ஸ்கூட்டர் விலையையே தொட்டுவிடும்.

"பார்த்தீர்களா! பணக்காரப் பிள்ளைகளின் கொழுப்பு! அதற்கு நீங்கள் வக்காலத்தா?"

நியாயமான அடி. இதைத் தட்டிக் கழிக்கப் போவதில்லை. பணத்தைக் கொட்டி வெளிநாட்டுக் காரை வரவழைத்து, ஒரு திருகாணி கழன்றால்கூட வேறு ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்துகொண்டு, கோப்பையை மட்டும் தாம் வாங்கிக்கொள்ளும் கனவான்களும் அந்த மைதானத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் ஒரு வரிகூட எழுதமாட்டேன். அவர்கள் விளையாடுவது ரூபாய் நோட்டு விளையாட்டு. ஆனால் அதற்கும் மருந்து இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே மோட்டார், ஒரே டயர் என்று விதி வகுத்து நடத்தும் பிரிவுகள் உண்டு. கிளப்பே நான்கு கார்களை வாங்கி வைத்துக்கொண்டால், நாற்பது பையன்கள் முறைவைத்து ஓட்டலாம். சொந்தமாகக் கார் இருப்பது முக்கியமில்லை. கழற்றும் உரிமை இருப்பதுதான் முக்கியம்.

"அப்படியானால் செல்போனிலேயே கார்ப் பந்தயம் இருக்கிறதே, காசும் மிச்சமாயிற்றே?" என்று இன்னொரு கேள்வி வரும். செல்போன் காரை மலையிலிருந்து உருட்டிவிட்டாலும், அடுத்த வினாடி பளபளவென்று புதிதாக வந்து நிற்கும். இந்தக் கார் அப்படி அல்ல. வேலியில் மோதினால் கை ஒடியும். ஒடிந்ததை நாம்தான் மாற்ற வேண்டும், மாற்றும்வரை ஓட்டமில்லை. லிதியம் பாட்டரியை அலட்சியமாகச் சார்ஜ் போட்டால் தீப்பிடிக்கும். ஆகையால் தீத்தாங்கும் பையில் வைத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும். செய்த தப்புக்கு உடனே விலை கொடுத்துப் பழகுகிற இடம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேறு எங்கே இருக்கிறது?

பொருளைக் கழற்றிப் பார்த்தவர்கள்தாம் உலகத்தில் எதையாவது சாதித்திருக்கிறார்கள். ஜப்பானில் ஷிஜுவோகா என்ற ஊரில் மரம் அறுத்து விற்ற ஒரு குடும்பம், 1951-ல் தீ விபத்தில் சரக்கை இழந்துவிட்டு, மாதிரி பொம்மைகள் செய்யும் தொழிலுக்குத் திரும்பியது. அதுதான் தமியா. போர்ஷே காரைப் போல ஒரு மாதிரி செய்ய வேண்டுமென்று தீர்மானித்தபோது, அவர்கள் படத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கவில்லை. அசல் போர்ஷே கார் ஒன்றையே விலைக்கு வாங்கி, அக்கு அக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். 1976-ல் அந்த மாதிரிக்கு ரேடியோ பொருத்தி வெளியிட்டார்கள். இன்று உலகமெங்கும் நடக்கும் இந்த விளையாட்டுக்கு அது ஒரு பெரிய தொடக்கம்.

ஜப்பான் வரை போவானேன்? நம் பக்கத்து ஜி. டி. நாயுடு என்ன செய்தார்? வெள்ளைக்காரர் ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். கோயமுத்தூரில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்து காசு சேர்த்து, மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் ஊர்கோலம் போகவில்லை, கழற்றினார், மறுபடி மாட்டினார். அந்தக் கைதான் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டியது. பழனி இன்று நம் திண்டுக்கல் ஜில்லாவில் இருக்கிறது. அன்று அவர் அந்த மோட்டார் சைக்கிளைக் கழற்றுகிற நேரத்தில் என் பாங்கி நண்பரைப் போல ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். "ஏனப்பா, வாங்கிய சாமானைக் கெடுக்கிறாய்?" என்றுதான் கேட்டிருப்பார்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். திண்டுக்கல் என்றதும் உங்களுக்குப் பூட்டு ஞாபகம் வரும். பூட்டு என்பது லேசான விஷயம் அல்ல. உள்ளே லீவர்கள் அடுக்கடுக்காக இருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய லீவரைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஒரு மயிரிழை தவறினாலும் நகராது. இதை அரத்தைக் கையில் பிடித்து ராவியே செய்து காட்டிய தொழிலாளிகள் எங்கள் ஊர்க்காரர்கள். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்துக் கௌரவித்தார்கள். சந்தோஷம். ஆனால் அலிகார் பூட்டு மலிவாக வந்து கடையை நிறைத்துவிட்டது. பூட்டுக்காரரின் பிள்ளையோ அரத்தைத் தொடுவதில்லை. அவனைத் தொடவிடுவதும் இல்லை. "நீயாவது படித்து நாற்காலியில் உட்கார்" என்கிறார் அப்பா. அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. குறை சொல்ல வேண்டியது, கையால் செய்கிறவனுக்கு நாற்காலி இல்லை என்று விதித்த நம் படிப்பைத்தான்.

என் அக்கா மகன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஓர் அறை இருக்கிறது. மாணவர்கள் கருவிகளைக் கையாண்டு பழகுவதற்காகவே ஏற்பட்ட அறை. உள்ளே மேஜை, மோட்டார், கம்பி, பற்றவைக்கும் கருவி எல்லாம் உண்டாம். 'உண்டாம்' என்று சொல்லக் காரணம், அவன் பார்த்ததில்லை. இன்ஸ்பெக்ஷன் நாள் தவிர மற்ற நாட்களில் கதவு பூட்டியிருக்கும். சாமான் காணாமல் போய்விடுமாம், உடைந்துவிடுமாம். கதவில் தொங்குவது அசல் திண்டுக்கல் பூட்டு என்பதில் எனக்கு அற்பப் பெருமைகூட இல்லை. பணம் இல்லாமல் இல்லை. 2016-ல் மத்திய அரசு ஆரம்பித்த அடல் திட்டத்தில், இப்படிப்பட்ட கூடத்துக்காக ஒரு பள்ளிக்கு இருபது லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். கருவிகள் வருகின்றன, சாவிதான் வருவதில்லை.

மதுரைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது. கைத்தொழில் மூலமாகவே படிப்பு வர வேண்டும் என்று 1937-ல் வார்தாவில் காந்தியடிகள் எடுத்துச் சொன்ன ஆதாரக் கல்வியை நம்பியவர்கள் அவர்கள். ராட்டையையும் ரேடியோக் காரையும் ஒன்றாகச் சேர்க்கிறேனே என்று யாராவது கோபித்துக்கொள்ளலாம். பண்டம் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கை அறிந்தால்தான் புத்தி அறியும் என்ற கொள்கை ஒன்றுதான். அறுந்த நூலை முடிகிறவனும் ஒடிந்த அச்சை மாற்றுகிறவனும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

2024-ம் வருஷம் ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, மூன்றரைக் கிலோமீட்டர் தெருப்பாதையில், இராத்திரி வெளிச்சத்தில் ஃபார்முலா-4 கார்கள் ஓடின. சர்க்காரின் விளையாட்டு ஆணையமும் அதற்குத் துணை நின்றது. நடத்தட்டும், எனக்கு விரோதம் இல்லை. ஆனால் அதில் எங்கள் திண்டுக்கல் பையனுக்குக் கிடைத்த பங்கு என்ன? வேடிக்கை பார்க்கிற பங்கு. அவனை வேடிக்கை பார்க்கிற கூட்டத்திலிருந்து வெளியே இழுத்து, திருப்புளியைக் கையில் கொடுக்க ஒரு தெருப்பாதையும் வேண்டாம். இரண்டு கூடைப்பந்து மைதானம் அளவு செம்மண் நிலம் போதும். அது எங்கள் சமவெளியில் தாராளமாக இருக்கிறது. தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, ஓரத்தில் பழைய தோட்டத்துக் குழாய்களைப் பதித்தால் பாதை தயார். ஏதாவது ஒரு பாலிடெக்னிக் தன் கொல்லைப்புறத்தைக் கொடுத்தால் அடுத்த பொங்கலுக்குள் பந்தயமே நடத்திவிடலாம்.

இரண்டே இரண்டு விதிகள் போதும் என்பேன். பிரித்த பாகங்களாக வாங்கிய காரைத் தானே மாட்டியவன்தான் ஓட்டலாம். உடைந்ததைத் தானே சரிசெய்தவன்தான் மறுபடி ஓட்டலாம். பூட்டுப் பட்டறைப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு, வாரம் ஒரு நாள் அரம் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவருக்கு ஆசிரியர் என்ற பெயரும் சம்பளமும் கொடுங்கள். அந்தப் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் சொல்லுவதை அவருடைய பேரன் ஒரு நாள் பார்த்தால், ஆயிரம் மேடைப் பிரசங்கம் செய்யாத வேலையை அது செய்துவிடும்.

'பொம்மை' என்று சிரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே, திறந்து பார்க்க அனுமதியில்லாமல் ஆயுள் முழுவதும் உபயோகிக்கிற சாமான்தான் பொம்மை. அந்தக் கணக்கில், நம் வீட்டில் நாம் பெருமையோடு வாங்கி அடுக்கியிருப்பவற்றில் பாதி பொம்மைகள்தாம். அந்தச் சின்னக் கார் மட்டுந்தான் பொம்மையில்லை.