வெளியில் பிறந்தது

உங்களில் பலருக்கு இங்கிலாந்தில் பிள்ளைகளோ சகோதரங்களோ இருப்பார்கள். தொலைபேசியில் கதைக்கும்போது இதையும் சொல்லி வையுங்கள்.

சென்ற மார்கழியில் இலண்டனில் அண்ணா வீட்டில் நின்றேன். நத்தாருக்குப் பன்றி இறைச்சி வாங்க மச்சாளுடனும் மருமகளுடனும் சுப்பர்மார்க்கட்டுக்குப் போனேன். மச்சாள் இரவில் கந்தோர்கள் துப்புரவு செய்பவர்; எண்ணித்தான் செலவழிப்பார். அன்று மட்டும் இரண்டு பவுண் கூடக் கொடுக்கத் துணிந்து, ‘அவுட்டோர் பிறெட்’ என்று எழுதிய பொதியை எடுத்தார்.

“இது வெளியில ஓடித் திரிஞ்ச பண்டி, மச்சாள்.”

மருமகள் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, “இல்லை அம்மா” என்றாள். வெளியில் பிறந்தது என்பதுதான் அதன் கருத்தாம். பால் குடிக்கும் நாலு கிழமையளவு வெளியில், பிறகு கொட்டிலுக்குள். ‘அவுட்டோர் றியேர்ட்’ என்றால் வாழ்நாளில் ஏறக்குறையப் பாதி வெளியில். ‘பிறீ றேஞ்ச்’ என்றால்தான் முழுக்காலமும். மூன்றும் காதில் ஒரே மாதிரித்தான் விழுகின்றன. அச்சடிப்பவர்களுக்கு அது தெரியாமலா இருக்கும்?

மச்சாள் கோபத்தில் பொதியைத் திருப்பி வைத்துவிட்டார். பக்கத்தில் மலிவான பொதி, ‘றெட் டிராக்டர்’ முத்திரையோடு. இறைச்சி எங்கிருந்து வந்தது, பாதுகாப்பானதா என்பதற்கு அது நல்ல அத்தாட்சி. ஆனால் குட்டி ஈனும் தாய்ப்பன்றியைக் கம்பிக் கூட்டில் அடைப்பதை அது தடுப்பதில்லை. ஈனுவதற்குச் சில நாள் முன்பு அடைத்தால் குட்டிகள் பால் மறக்கும்வரை உள்ளேதான். எழும்பலாம், படுக்கலாம், திரும்ப முடியாது. குட்டிகள் நசுங்காமலிருக்க என்கிறார்கள் பண்ணைக்காரர், அதிலும் உண்மையுண்டு. சினைக்காலத்தில் இப்படி அடைப்பதைப் பிரித்தானியா 1999இல் தடை செய்தது. ஈனும் காலத்தில் அடைக்க இன்னும் அனுமதியுண்டு. ‘ஆர்.எஸ்.பி.சி.ஏ. அஷுவர்ட்’ முத்திரை அந்தக் கூட்டை ஏற்பதில்லை. ஆனால் அந்தப் பன்றிகள் கொட்டிலுக்குள் வளர்ந்தவையாகவும் இருக்கலாம்.

“அப்ப அந்த முதல் பொதியில தாய் எங்க நிண்டது?” என்று மச்சாள் கேட்டார்.

“வெளியில அம்மா. தாய் வெளியிலதான்.”

மச்சாள் மகளைப் பார்த்தார். “இவளை 2009இல முகாமிலதான் பெத்தனான். திரும்பிப் படுக்க இடமில்லாமல் பிள்ளைக்குப் பால் குடுக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும்.”

பிறகு அதே ‘அவுட்டோர் பிறெட்’டில், விலை கூடிய துண்டை விட்டுத் தோள் இறைச்சியாக எடுத்தோம். விலை குறைவு. எங்கள் கறிக்கு அதுதான் திறம். மெல்லிய நெருப்பில் இரண்டு மணித்தியாலம் அவிய விட வேண்டும், அவ்வளவுதான்.