30 லட்சம் படங்கள்... ஒரே ஒரு கேள்வி!

விண்வெளியிலிருந்து பூமியைப் படம் பிடிப்பது இன்று பெரிய விஷயமில்லை. குவிந்து கிடக்கும் படங்களிலிருந்து உருப்படியான தகவலை எடுப்பதுதான் சவால்.

அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972 ஜூலையில் விண்ணுக்குச் சென்றது. அடுத்தடுத்து வந்த லேண்ட்சாட்களும் பூமியைப் படமெடுத்துத் தள்ளின. ஆனால், படங்களைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். லேண்ட்சாட் 7 எடுத்த ஒரு படத்தின் விலை சுமார் 600 டாலர்! 2008-ல் அமெரிக்க அரசு இந்தப் படங்களை எல்லோருக்கும் இலவசமாக்கியது. அதன் பிறகுதான் உலகம் முழுவதையும் அலசும் துணிச்சல் ஆய்வாளர்களுக்கு வந்தது.

அப்படி ஒரு முயற்சிதான் ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய உலக நீர்ப்பரப்பு வரைபடம். ழான் ஃபிரான்சுவா பெக்கெல் தலைமையிலான குழு, 1984 முதல் 2015 வரை எடுக்கப்பட்ட சுமார் 30 லட்சம் படங்களைக் கையில் எடுத்தது. கூகுள் எர்த் இன்ஜின் மூலம் 10,000 கணினிகள் இதற்காக உழைத்தன.

கேள்வி இதுதான்

பூமியை 30 மீட்டருக்கு 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கணினி கேட்டது ஒன்றுதான்: 'இங்கே தண்ணீர் இருக்கிறதா?'

அகச்சிவப்புக் கதிர்களைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் படத்தில் அது கறுப்பாகத் தெரியும். ஆனால், மலையின் நிழலும் கறுப்புதான். கலங்கிய நீர் வேறு மாதிரி தெரியும். இதையெல்லாம் பிரித்துப் பார்க்கக் கணினிக்கு விதிகள் எழுதப்பட்டன. மேகம் மறைத்தால் அந்தப் படத்தை விட்டுவிட்டு, வேறு நாள் எடுத்த படத்தைப் பார்க்கும்.

கிடைத்த பதில்

2016 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் முடிவுகள் வெளியாகின. 32 ஆண்டுகளில் சுமார் 90,000 சதுர கிலோமீட்டர் நிரந்தர நீர்ப்பரப்பு காணாமல் போயிருந்தது. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு! இழப்பில் 70 சதவிகிதத்துக்கும் மேல் மத்திய கிழக்கிலும் மத்திய ஆசியாவிலும் நடந்தது. வறட்சியோடு, நதிகளைத் திருப்பியதும் கணக்கில்லாமல் நீரை உறிஞ்சியதும் காரணங்கள். பருத்தி வயல்களுக்காக நதிநீரை இழந்து வற்றிய ஏரல் கடல் இதற்குச் சாட்சி.

இன்னொரு பக்கம், 1,84,000 சதுர கிலோமீட்டரில் புதிதாக நிரந்தர நீர்ப்பரப்பு உருவாகியிருந்தது. பெரும்பாலும் அணைகளின் நீர்த்தேக்கங்கள். ஆக, உலகக் கணக்கில் லாபம். ஏரியை இழந்த ஊருக்கோ நஷ்டம்தான்.

உங்கள் ஊர் ஏரி?

'குளோபல் சர்ஃபேஸ் வாட்டர் எக்ஸ்ப்ளோரர்' தளத்தில் இந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் இடம் நீலமாகவும், அபூர்வமாக நிற்கும் இடம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். மாற்றத்தைக் காட்டும் படத்தில் பச்சை என்றால் நீர் கூடியிருக்கிறது. சிவப்பு என்றால் குறைந்திருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். இது நீரின் பரப்பைக் காட்டும், ஆழத்தைக் காட்டாது. சிறிய குட்டைகளும் குறுகிய வாய்க்கால்களும் தப்பிவிடலாம். ஏரி சுருங்கியது மழை குறைந்ததாலா, வரத்துக்கால்வாய் அடைபட்டதாலா, ஆக்கிரமிப்பாலா என்பதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஆனால், 'இங்கே எப்போது தண்ணீர் நின்றது?' என்று யாராவது கேட்டால், காட்டுவதற்கு இப்போது ஒரு வரைபடம் இருக்கிறது.